மேசன் சூத்திரத்தில் விடை ஏன் மாறுகிறது?

கேள்வி: ஒரு சிக்னல் ஃப்ளோ கிராஃபில் (சிக்னல் எந்தக் கணுவிலிருந்து எதற்கு, எத்தனை மடங்காகிப் போகிறது என்று காட்டும் வரைபடம்; அந்த மடங்குதான் கெயின்) ஐந்து கணுக்கள். 1-லிருந்து 2-க்கு கெயின் 1, 2-லிருந்து 3-க்கு 2, 3-லிருந்து 4-க்கு 5, 4-லிருந்து 5-க்கு 4. ஃபீட்பேக் இரண்டு: 3-லிருந்து 2-க்கு −1, 5-லிருந்து 4-க்கு −0.5. இதுபோக 1-லிருந்து நேராக 4-க்கு 3. உள்ளீடு 1, வெளியீடு 5. மேசன் சூத்திரத்தில் எனக்கு 52/5 வருகிறது. சமன்பாடு எழுதித் தீர்த்தால் 76/9. எது சரி?

பதில்: 76/9 தான். 52/5 எப்படி வந்தது என்று அந்த எண்ணே காட்டிக்கொடுக்கிறது: மேலே 40 + 12, கீழே 1 + 2 + 2. பாதைகளையும் (உள்ளீட்டிலிருந்து வெளியீட்டுக்குப் போகும் வழிகள்) லூப்களையும் (கிளம்பிய கணுவுக்கே திரும்பும் சுற்றுகள்) சரியாகவே எடுத்திருக்கிறீர்கள். கோட்டை விட்டது, எது எதைத் தொடவில்லை என்று பார்ப்பதில்.

எம்.ஐ.டி.யில் இருந்த சாமுவேல் மேசன் 1950-களில் தந்த சூத்திரம் இது. ஒவ்வொரு முன்னோக்குப் பாதையின் கெயினையும் (வழியிலுள்ள கெயின்களின் பெருக்கல்; லூப்புக்கும் அப்படியே) அந்தப் பாதைக்குரிய டெல்டாவால் (அந்தப் பாதையைத் தொடாத லூப்களை மட்டும் வைத்து எழுதும் டெல்டா) பெருக்கிக் கூட்ட வேண்டும். வந்ததை முழு டெல்டாவால் வகுக்க வேண்டும்.

முதலில் முழு டெல்டா. 1 என்ற எண்ணிலிருந்து எல்லா லூப் கெயின்களையும் கழிக்கிறோம். அப்புறம் ஒன்றையொன்று தொடாத ஜோடிகளின் பெருக்கலைக் கூட்டுகிறோம். (தொடாத மூன்று லூப்கள் இருந்தால் அவற்றின் பெருக்கலைக் கழிக்க வேண்டும், இங்கே அதற்கு வேலையில்லை.) 2-3 லூப் −2, 4-5 லூப்பும் −2. இரண்டுக்கும் பொதுக் கணு இல்லை, ஆகவே பெருக்கல் 4. டெல்டா 1 + 2 + 2 + 4 = 9. அந்த 4 உங்கள் கணக்கில் இல்லை.

அடுத்து மேலே. 1-2-3-4-5 என்ற நீளப் பாதை இரண்டு லூப்களையும் தொடுகிறது, அதன் டெல்டா 1. ஆனால் 1-4-5 பாதை 2-3 லூப் பக்கமே போவதில்லை. தொடாத அந்த லூப்பை மட்டும் வைத்து எழுதினால் இதன் டெல்டா 1 + 2 = 3. ஆக 40 + 12 × 3 = 76.

இந்த 3 எதற்கு? நம் 9 என்பது 3 × 3. லூப்புக்கு ஒரு 3. குறுக்குப் பாதையில் போகும் சிக்னலுக்கு 2-3 லூப்போடு எந்தச் சம்பந்தமும் இல்லை, ஆனால் 9-ஆல் வகுக்கும்போது அதன் பாதிப்பும் சேர்ந்து விழுகிறது. மேலே 3-ஆல் பெருக்குவது அதை அடித்துவிடுகிறது. 36/9 = 4; 4-5 லூப் மட்டும் இருந்தால் வரும் 12/3-ம் அதே 4.

தொடுவது என்றால் ஒரு கணுவையாவது பகிர்வது. தாளில் கோடுகள் குறுக்கே வெட்டிக்கொண்டால் அது தொடுவதாகாது. படத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், ஒவ்வொரு லூப்பின் கணு எண்களையும் ஓரத்தில் எழுதி ஒப்பிடுங்கள். நான் இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறேன்.

இன்னொன்று. இதே கிராஃபில் கணு 2-லிருந்து 5-க்கு டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன் (5-இல் உள்ள சிக்னலை 2-இல் உள்ளதால் வகுத்த விகிதம்) கேட்டால், 40-ஐ 9-ஆல் வகுத்துவிடாதீர்கள். மேசன் சூத்திரம் உள்ளீட்டுக் கணுவிலிருந்து தொடங்கினால்தான் பொருந்தும்; கணு 2-க்குள் கிளைகள் வருகின்றன, அது உள்ளீடு அல்ல. 1-லிருந்து 5-க்கு 76/9. 1-லிருந்து 2-க்கு, 4-5 லூப் தொடாததால், 3/9. ஒன்றை மற்றதால் வகுத்தால் 76/3.