ஜாவா கைவந்தவர்களுக்குப் பைத்தான்: கேள்வி பதில்

பல வருடம் ஜாவாவில் குப்பை கொட்டிவிட்டு இப்போது பைத்தானுக்கு வருகிறவர்கள் கேட்டவை இவை. ஃபார் லூப் எப்படி எழுதுவது போன்றவற்றை விட்டுவிட்டேன். எடுத்துக்காட்டுகளில் வேரியபிள் பெயர்கள் தமிழில் இருக்கும். பைத்தான் 3 அதை ஏற்றுக்கொள்ளும், தட்டிப் பார்த்தால் ஓடும்.

பழைய ஜாவாக்காரர்: எட்டு வருட ஜாவா. அடுத்த மாதம் பைத்தான் ப்ராஜெக்ட். தினமும் ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். எங்கே தொடங்க?

தொடக்கநிலைப் பாடத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்க உட்காராதீர்கள். மூன்றாம் நாளே சலித்துவிடும், தெரியாத இடம் வரும்போது கண் அதையும் மேய்ந்துவிட்டுப் போய்விடும். பைத்தானின் அதிகாரபூர்வப் பயிற்சிக் கையேட்டில் 3 முதல் 5 வரையுள்ள அத்தியாயங்களை வேகமாக ஓட்டலாம். 4இல் வரும் டீஃபால்ட் மதிப்பு பற்றிய எச்சரிக்கையையும், கிளாஸ் பற்றிய 9ஆம் அத்தியாயத்தையும் மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

அடுத்து, நீங்களே ஜாவாவில் எழுதிய, டெஸ்ட் உள்ள, 300-400 வரிக் கருவி ஒன்றை எடுங்கள். முதலில் டெஸ்டுகளைப் பைத்தானின் டெஸ்ட் கருவியான பைடெஸ்டுக்கு மாற்றுங்கள். பிறகு நிரலை வரிக்கு வரி மாற்றுங்கள். அசிங்கமாகத்தான் வரும், வரட்டும். டெஸ்ட் எல்லாம் தேறிய பிறகு சுருக்கத் தொடங்குங்கள். கெட்டர், செட்டர் போகும். ஒரே ஒரு மெத்தட் வைத்திருக்கும் கிளாஸ் வெறும் ஃபங்ஷனாகும். பில்டர் கிளாஸ் இருந்த இடத்தில் பெயர் சொல்லிக் கொடுக்கும் ஆர்குமென்ட்டுகள் வரும். வரி எண்ணிக்கை குறையவே இல்லையென்றால் நீங்கள் இன்னும் ஜாவாதான் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஒன்றை மட்டும் இப்போதே மனதில் வையுங்கள். ஜாவாவில் கிளாஸ் என்பது கம்பைலருக்குக் கொடுக்கும் அறிவிப்பு. பைத்தானில் கிளாஸும் டெஃபும் (ஃபங்ஷனை எழுதத் தொடங்கும் சொல்) மேலிருந்து கீழாக ஓடுகிற கட்டளைகள். டெஃப் வரி ஓடும்போதுதான் ஃபங்ஷன் ஆப்ஜெக்ட் பிறக்கிறது, அதன் மேல் ஒரு பெயர் ஒட்டப்படுகிறது. கீழே வரும் குழப்பங்களில் பாதி இதிலிருந்து கிளைத்தவை.

கடைக்கணக்கு: ஒரு ஃபங்ஷனில் பட்டியல் = [] என்று டீஃபால்ட் வைத்தேன். முதல் தடவை கூப்பிட்டால் ஒரு பொருள் வருகிறது, சரி. இரண்டாம் தடவை பழைய பொருளும் சேர்ந்து வருகிறது. பைத்தானில் பிழையா?

பிழை இல்லை. இப்போது சொன்னதுதான். டெஃப் வரி ஓடுவது ஒரே தடவை. அப்போதே அந்த [] உருவாகி ஃபங்ஷனோடு ஒட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு அழைப்பும் அதே பட்டியலில்தான் போடுகிறது. டீஃபால்ட்டாக நன் (None, ஜாவாவின் நல் இருந்த இடத்தில் இது) கொடுத்து, உள்ளே நுழைந்ததும் அது நன்னாக இருந்தால் புதுப் பட்டியல் உருவாக்குங்கள். அப்போது 'பட்டியல் காலியா' என்று சோதிக்காதீர்கள், 'இஸ் நன்' என்றே சோதியுங்கள். வேண்டுமென்றே காலிப் பட்டியலைக் கொடுத்து அதை நிரப்பச் சொல்கிறவருக்கு, நீங்கள் வேறு பட்டியலை நிரப்பிவிட்டுச் சும்மா இருந்துவிடுவீர்கள்.

இதே பொறியின் இன்னொரு முகம், 'இப்போதைய நேரம்' தரும் ஃபங்ஷனை டீஃபால்ட்டில் அழைத்து வைப்பது. சர்வர் கிளம்பிய நேரமே எல்லாப் பதிவிலும் விழும். டெஸ்டில் இது தெரியவே தெரியாது.

கடைக்கணக்கு: இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன் சார். ஓவர்லோடிங் செய்தால் எரரே வரவில்லை, ஆனால் முதல் மெத்தட் காணாமல் போகிறது.

அதே காரணம். இரண்டாவது டெஃப் ஓடும்போது அதே பெயர் புது ஃபங்ஷன் மேல் ஒட்டப்படுகிறது, பழையது அநாதை. கூப்பிடும்போது ஆர்குமென்ட் எண்ணிக்கை பொருந்தாமல் டைப் எரர் வந்தால்தான் தெரியும். ஆர்குமென்ட் எண்ணிக்கை மட்டும் மாறுகிற ஓவர்லோடுக்கு டீஃபால்ட் மதிப்பு போதும். கன்ஸ்ட்ரக்டர் ஓவர்லோடு என்றால் கிளாஸ்மெத்தட் டெக்கரேட்டர் போட்டு, 'கோப்பிலிருந்து', 'வரியிலிருந்து' என்று வேறு வேறு பெயரில் எழுதுங்கள். ஜாவாவைவிட இது படிக்கவும் நன்றாக இருக்கும்.

இரவுப்பணி: கிளாஸுக்குள், மெத்தட்டுக்கு வெளியே, பொருட்கள் = [] என்றும் எண்ணிக்கை = 0 என்றும் ஜாவா ஃபீல்டு மாதிரியே எழுதினேன். பொருட்கள் எல்லா ஆப்ஜெக்ட்டுக்கும் பொதுவாகிவிட்டது. எண்ணிக்கை மட்டும் தனித்தனியாகச் சரியாக ஏறுகிறது. இது என்ன ஓரவஞ்சனை?

இரண்டுமே கிளாஸின் சொத்து, ஜாவாவின் ஸ்டாட்டிக் மாதிரி. செல்ஃப் (ஜாவாவின் திஸ்) மூலம் ஒரு பெயரைப் படித்தால் முதலில் ஆப்ஜெக்ட்டில் தேடும், இல்லையென்றால் கிளாஸில் தேடும். ஆனால் எழுதுவது எப்போதும் ஆப்ஜெக்ட்டில்தான். எண்ணிக்கையில் += 1 போடும்போது கிளாஸிலிருந்த 0 படிக்கப்பட்டு, 1 ஆப்ஜெக்ட்டில் எழுதப்படுகிறது. தற்செயலாகச் சரியாகிவிட்டது. பொருட்களில் அப்பெண்ட் செய்யும்போது எழுதுவதே நடக்கவில்லை. கிளாஸில் இருக்கும் ஒரே பட்டியலைப் படித்து, அதற்குள் போட்டீர்கள். ஆப்ஜெக்ட்டுக்கு உரியதை இனிட் மெத்தட்டுக்குள் (ஜாவாவின் கன்ஸ்ட்ரக்டர் இடத்தில் இது) செல்ஃப் போட்டு எழுதுங்கள்.

பைத்தான் 3.7 முதல் உள்ள டேட்டாகிளாஸ் (ஃபீல்டுகளைச் சொன்னால் இனிட்டைத் தானே எழுதிக்கொள்ளும் கிளாஸ்) இந்த இடத்தில் உதவும். காலிப் பட்டியலை நேரடியாக டீஃபால்ட்டாக வைத்தால் கிளாஸ் உருவாகும்போதே வேல்யூ எரர் எழுப்பும். ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டுக்கும் புதுப் பட்டியல் தரும் டீஃபால்ட் ஃபேக்டரி கொடுக்கச் சொல்லும்.

பழைய ஜாவாக்காரர்: ப்ரைவேட் இல்லாமல் எப்படி நிம்மதியாகத் தூங்குகிறீர்கள்?

ஒற்றை அடிக்கோட்டில் தொடங்கும் பெயரை வெளியிலிருந்து தொடக்கூடாது என்பது ஊர்க்கட்டுப்பாடு. மீறினால் ரிவ்யூவில் பிடிபடும். இரட்டை அடிக்கோடு ப்ரைவேட் என்று பலர் நினைக்கிறார்கள். அது பெயருக்கு முன்னால் கிளாஸ் பெயரைச் சேர்த்து மாற்றிவிடுகிறது, அவ்வளவுதான். சப்கிளாஸ் அதே பெயரை எடுத்து மோதாமல் இருக்கவே அந்த ஏற்பாடு.

கெட்டர், செட்டர் முன்கூட்டியே எழுத வேண்டாம். விலை என்று வெறும் ஆட்ரிபியூட்டாக விடுங்கள். நாளைக்கு எதிர்மறை விலையைத் தடுக்க வேண்டுமென்றால் ப்ராப்பர்ட்டியாக (படிக்கும்போதும் எழுதும்போதும் மெத்தட் ஓடும் ஆட்ரிபியூட்) மாற்றலாம், அதைப் பயன்படுத்தும் இடங்களில் ஒரு எழுத்துகூட மாறாது. ஜாவாவில் அந்த வசதி இல்லாததால்தான் கெட்டர் பழக்கமே வந்தது.

ஹேஷ்மேப்: == எது, இஸ் எது என்பதில் அடிக்கடி தடுமாறுகிறேன்.

ஜாவாவுக்கு அப்படியே தலைகீழ். ஜாவாவில் ஆப்ஜெக்ட்டுகளுக்கு == போட்டால் ஒரே ஆப்ஜெக்ட்டா என்று பார்க்கும். பைத்தானில் அந்த வேலை இஸ்ஸுக்கு. பைத்தானின் == ஜாவாவின் ஈக்வல்ஸ். இஸ்ஸை நன்னோடு ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எண்களுக்குப் போட்டால் சில சமயம் சரியாக வந்து ஏமாற்றும். சிபைத்தான் (பெரும்பாலோர் பயன்படுத்தும் வழக்கமான பைத்தான்) -5 முதல் 256 வரையான எண்களை முன்கூட்டியே உருவாக்கி வைத்திருக்கிறது. ஜாவாவின் இன்டீஜர் -128 முதல் 127 வரை செய்வது போலவே.

உங்கள் பெயரைப் பார்த்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். கிளாஸில் == ஒப்பிடுவதற்கான ஈக்யூ மெத்தட்டை மட்டும் எழுதினால், ஹேஷ் தானாகவே நீக்கப்படும். அந்த ஆப்ஜெக்ட்டை டிக்டில் (ஜாவாவின் மேப்) சாவியாக வைத்தால் டைப் எரர். ஜாவாவில் ஹேஷ்கோடு எழுத மறந்தால் மேப்பில் போட்டது சத்தமில்லாமல் தொலையும், இங்கே முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறது. டேட்டாகிளாஸில் ஃப்ரோஸன் (உருவான பின் மாற்ற முடியாது) போட்டால் இரண்டும் ஒழுங்காக வந்துவிடும்.

புதுமுகம்: சப்கிளாஸ் ஆப்ஜெக்ட்டில் பேரண்ட்டின் ஆட்ரிபியூட் இல்லை என்று ஆட்ரிபியூட் எரர் வருகிறது. இன்ஹெரிட் சரியாகத்தான் செய்திருக்கிறேன்.

சப்கிளாஸில் நீங்கள் இனிட் எழுதியிருப்பீர்கள். ஜாவா கன்ஸ்ட்ரக்டரில் சூப்பர் எழுதாவிட்டால் கம்பைலரே சேர்த்துவிடும். பைத்தான் சேர்க்காது. முதல் வரியில் சூப்பர் வழியாகப் பேரண்ட்டின் இனிட்டை அழையுங்கள்.

பல பேரண்ட் இருந்தால் இன்னொரு சிக்கல். சூப்பர் என்பது 'என் பேரண்ட்' அல்ல, அந்த ஆப்ஜெக்ட்டின் வரிசையில் 'எனக்கு அடுத்தவர்'. அந்த அடுத்தவர் உங்கள் உடன்பிறப்புக் கிளாஸாகவும் இருக்கலாம். சி3 என்ற முறையில் வரிசை அமைகிறது, 2.3 பதிப்பிலிருந்து. கிளாஸின் எம்ஆர்ஓ மெத்தட்டை அழைத்தால் அந்த வரிசை பட்டியலாகக் கிடைக்கும். குழப்பம் வந்தால் வாதாடாமல் முதலில் அதைப் பாருங்கள்.

இடைமுகம்: இன்டர்ஃபேஸுக்கு என்ன வழி? டைப் எழுதினால் சோதிக்குமா?

டைப் குறிப்பு 3.5இல் வந்தது. ஓடும்போது பைத்தான் அதைக் கண்டுகொள்ளாது. எண் என்று எழுதிய இடத்தில் சரம் கொடுத்தாலும் போய்க்கொண்டே இருக்கும். மைபை அல்லது பைரைட் என்ற டைப் சோதனைக் கருவியை ஓடவிட்டால்தான் பலன். ஜாவாவிலிருந்து வருகிறவர்கள் இதை முதல் நாளே கட்டாயமாக்கிக்கொள்வது நல்லது என்பது என் கட்சி.

இன்டர்ஃபேஸுக்கு இரண்டு வழி. அப்ஸ்ட்ராக்ட் கிளாஸில் விட்டுப்போன மெத்தட் இருந்தால் ஆப்ஜெக்ட் உருவாக்கும் நொடியில் எரர் வரும். 3.8இன் ப்ரோட்டோகாலில் இன்ஹெரிட் செய்யவே வேண்டாம், மெத்தட்டுகள் பொருந்தினால் சோதனைக் கருவி ஒத்துக்கொள்ளும். வெளியார் லைப்ரரியின் கிளாஸை உங்கள் வரையறைக்குள் கொண்டுவர இரண்டாவதே வசதி.

நீரோடை: ஜாவா ஸ்ட்ரீமுக்குப் பதில் ஜெனரேட்டர் எழுதினேன். மொத்தம் கூட்டியது சரி, அடுத்த வரியில் அதிகபட்சம் எடுத்தால் காலி என்கிறது.

ஒரு தடவைதான் ஓடும். ஜாவா ஸ்ட்ரீமை இரண்டாம் தடவை தொட்டால் எக்ஸெப்ஷன் வீசும், ஜெனரேட்டர் மௌனமாகக் காலியாக நிற்கும். அதிகபட்சம் கேட்டதால் உங்களுக்கு எரராவது வந்தது, திரும்பவும் கூட்டியிருந்தால் 0 வந்திருக்கும். இரண்டு தடவை வேண்டுமென்றால் லிஸ்ட்டாக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வட்டிக்கணக்கு: வகுத்தலில் விடை மாறுகிறது.

7 / 2 இங்கே 3.5. முழு எண் வேண்டுமென்றால் //. எதிர்மறை எண்ணில்தான் அடி விழும்: -7 // 2 என்பது -4, ஜாவாவில் -3. -7 % 3 இங்கே 2, ஜாவாவில் -1. ரவுண்டும் வேறு: 2.5 கொடுத்தால் 2, 3.5 கொடுத்தால் 4. சரிபாதியில் இரட்டை எண் பக்கம் சாயும். பணக்கணக்குக்கு டெசிமல் மாட்யூல்.

எட்டு கோர்: எட்டு த்ரெட் போட்டும் வேகம் ஏறவில்லையே?

சிபைத்தானின் வழக்கமான பதிப்பில் ஜிஐஎல் என்ற ஒரே பூட்டு இருக்கிறது, ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்தான் பைத்தான் நிரலை ஓட்டும். நெட்வொர்க், டிஸ்க் என்று காத்திருக்கும் வேலைக்கு த்ரெட் பயன்படும். கணக்குப் போடும் வேலைக்குத் தனித்தனி ப்ராசஸ் போடுங்கள். பூட்டில்லாத பதிப்பு 2024இல் 3.13உடன் சோதனையாக வந்தது. அதை நம்பி இறங்குமுன் நீங்கள் பயன்படுத்தும் லைப்ரரிகள் அதற்குத் தயாரா என்று பாருங்கள்.

புதுமுகம்: ரேண்டம் மாட்யூலை இம்போர்ட் செய்தால் அதில் எந்த ஃபங்ஷனும் இல்லை என்கிறது!

உங்கள் ஃபோல்டரில் அதே பெயரில் ஒரு கோப்பு வைத்திருக்கிறீர்கள், அதுதான் இம்போர்ட் ஆகிறது. பெயரை மாற்றுங்கள்.

பழைய ஜாவாக்காரர்: கடைசியாக. கிளாஸுக்கு ஒரு கோப்பு என்று பிரித்தேன். இப்போது 'பாதி தயாரான மாட்யூல்' என்று இம்போர்ட் எரர்.

இம்போர்ட்டும் ஓடுகிற கட்டளைதான். ஆர்டர் கோப்பு வாடிக்கையாளர் கோப்பைக் கூப்பிடுகிறது, அது திரும்ப ஆர்டரிலிருந்து கிளாஸைக் கேட்கும்போது ஆர்டரின் கிளாஸ் வரி இன்னும் ஓடவே இல்லை. ஒன்றோடொன்று பின்னிய கிளாஸ்களை ஒரே கோப்பில் வையுங்கள், ஐந்தாறு கிளாஸ் ஒரே கோப்பில் இருப்பது இங்கே சாதாரணம். பிரித்தே ஆக வேண்டுமென்றால் இருவருக்கும் பொதுவானதை மூன்றாவது கோப்புக்கு நகர்த்துங்கள். டைப் குறிப்புக்காக மட்டும் இம்போர்ட் தேவைப்பட்டால் 'டைப் செக்கிங்' நிபந்தனைக்குள் வைத்து, குறிப்பில் கிளாஸ் பெயரை மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். ஃபங்ஷனுக்குள் இம்போர்ட் எழுதுவதும் வேலை செய்யும், ஆனால் ஆறு மாதம் கழித்து அதை யாரோ மேலே நகர்த்துவார்கள், எரர் திரும்ப வரும்.