எட்வர்டு காலத்து லண்டனில் ஒரு பிரபு வீட்டுப் பெண் தனியாக வாழ்ந்திருக்க முடியுமா?

கேள்வி: 1908ல் லண்டனில் நடக்கும் ஒரு கதை எழுதுகிறேன். கதாநாயகி பிரபு குடும்பத்துப் பெண், வயது 23. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தனியே வீடெடுத்துத் தங்குகிறாள். இது நம்பும்படி இருக்குமா? அந்தக் காலத்துப் பணக்காரப் பெண்களுக்கு உண்மையில் எவ்வளவு சுதந்திரம் இருந்தது?

பதில்:

நடந்திருக்கலாம். ஆனால் ஒன்றை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். வீட்டு வாடகையை அவள் யார் பணத்தில் கட்டுகிறாள்? நான் படித்த வரையில் அந்தக் காலத்துப் பெண்களின் சுதந்திரம் முழுக்க இந்தக் கேள்வியில்தான் போய் நிற்கிறது.

சட்டத்தைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 21 வயது நிரம்பிய, கல்யாணம் ஆகாத பெண் சொத்து விஷயத்தில் ஆணுக்குச் சமம். வாங்கலாம், விற்கலாம், உயில் எழுதலாம், வாடகை ஒப்பந்தத்தில் தானே கையெழுத்துப் போடலாம். தன் பெயரில் வீட்டு வரி கட்டுபவளாக இருந்தால் 1869 முதலே நகராட்சித் தேர்தலில் ஓட்டும் உண்டு. 1907ல் வந்த சட்டத்துக்குப் பிறகு கவுன்சிலராகவே நிற்கலாம். நாடாளுமன்றத் தேர்தலில்தான் ஓட்டுக் கிடையாது.

அதே பெண் வீட்டு வாசலைத் தாண்டினால் எல்லாம் தலைகீழ். லண்டனின் பெரிய தெருக்களான பிக்கடில்லியிலோ பாண்ட் ஸ்ட்ரீட்டிலோ தனியாக நடந்தால் பேச்சு வரும். அம்மா, அத்தை, கல்யாணமான அக்கா யாராவது கூட வரவேண்டும். யாரும் இல்லையென்றால் பணிப்பெண்ணாவது பின்னால் வரவேண்டும். அவளைவிட மூன்று வயது சின்னத் தம்பி நள்ளிரவில் கிளப்பிலிருந்து திரும்புவான், அவனை யாரும் கேட்பதில்லை.

கல்யாணம் ஆன மறுநாள் இது அப்படியே மாறும். இப்போது அவள் தனியாக வெளியே போகலாம், விருந்து வைக்கலாம், கன்னிப்பெண்களுக்கே துணையாகப் போகலாம். ஊர் வழக்கம் அவளை விடுவிக்கும், சட்டம் பிடித்துக்கொள்ளும். 1882 சட்டத்தால் அவள் சொத்து அவளுடையதாகவே இருந்தாலும், வருமான வரிக் கணக்கில் அவள் சம்பாத்தியம் கணவனுடையது. மருத்துவராக இருந்த மனைவி வரி கட்ட மறுத்ததால் மார்க் வில்க்ஸ் என்ற பள்ளி ஆசிரியரை 1912ல் பிரிக்ஸ்டன் சிறையில் போட்டார்கள். விவாகரத்தும் அப்படித்தான். மனைவி வேறொருவரோடு உறவு வைத்துத் தவறினாள் என்று நிரூபித்தால் கணவனுக்குப் போதும். கணவன் தவறியதோடு கொடுமையும் செய்தான், அல்லது கைவிட்டுப் போனான் என்றெல்லாம் மனைவி கூடுதலாக நிரூபிக்க வேண்டும். இந்தச் சட்டம் 1923 வரை இருந்தது. அதனால் உங்கள் கதாநாயகி கல்யாணத்தை மறுப்பதற்குப் புரட்சி மனப்பான்மைதான் வேண்டும் என்றில்லை. கணக்குப் பார்க்கத் தெரிந்த எந்தப் பெண்ணும் தயங்கியிருப்பாள்.

சரி, பணத்துக்கு வருவோம். பிரபு குடும்பம் என்றதும் பெண் கையில் பணம் புரளும் என்று நினைக்கிறோம். நிலமும் பட்டமும் மூத்த மகனுக்கு. பெண்ணுக்குக் கல்யாணச் சமயத்தில் ஒரு பங்கு, அதுவரை துணிமணிக்கும் கைச்செலவுக்கும் அப்பா கொடுக்கும் ஆண்டுத்தொகை. கோபம் வந்தால் நிறுத்திவிடலாம். தாத்தாவோ அத்தையோ உயிலில் அவள் பெயருக்கே எழுதிவைத்த பணம் இருந்தால் மட்டுமே அவள் உண்மையில் வெளியேற முடியும்.

வளர்ப்பும் வெளியேற விடாத மாதிரிதான் இருந்தது. தம்பி ஈட்டன் என்ற பெரிய இடத்துப் பையன்களின் பள்ளிக்குப் போவான். அவளுக்கு வீட்டிலேயே ஆசிரியை, பிரெஞ்சு, ஜெர்மன், பியானோ. கல்லூரி இல்லாமல் இல்லை. கேம்பிரிட்ஜின் கர்ட்டன் கல்லூரி 1869லேயே தொடங்கிவிட்டது. ஆனால் பெண்களுக்குப் பட்டம் தரலாமா என்று 1897ல் கேம்பிரிட்ஜில் வாக்கெடுத்தபோது, சைக்கிளில் உட்கார்ந்த பெண் பொம்மை ஒன்றைத் தெருவின் மேல் தொங்கவிட்டுக் கூச்சல் போட்டார்கள். கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுத்தது 1948ல். பதினெட்டு வயதானதும் வெள்ளை உடையும் தலையில் இறகுகளும் தரையில் இழுபடும் நீண்ட துணியுமாக, அரசர் அரசி முன்னால் முழங்காலை மடக்கித் தாழ்ந்து வணங்க வேண்டும். பகலில் நடந்துகொண்டிருந்த இந்தச் சடங்கை இரவு விழாவாக மாற்றியவர் அப்போதைய அரசர் ஏழாம் எட்வர்டுதான். அதன்பின் ஜூலை கடைசி வரை நடன விருந்துகள், இதைத்தான் 'சீசன்' என்பார்கள். இரண்டு மூன்று சீசன் போயும் வரன் அமையவில்லை என்றால் வீட்டில் எல்லோர் முகமும் மாறும்.

அப்புறம், சந்துபொந்துகளும் இருந்தன. கதைக்கு இவை ரொம்ப உதவும். பெண்களுக்கென்றே கிளப்புகள் வந்துவிட்டன. அலெக்ஸாண்ட்ரா கிளப்பில் ஆண்கள் விருந்தாளியாகக் கூட நுழைய முடியாது. அரண்மனைக்கு அழைக்கத் தகுதியான பெண்கள்தான் உறுப்பினர்கள். இதனாலேயே அம்மாக்கள் மறுப்புச் சொல்ல முடியவில்லை. எழுத்து, கலை, படிப்பு என்று இருந்த பெண்களுக்காக 1904ல் லைசியம் கிளப் தொடங்கியது, அதுவும் பிக்கடில்லி 128ஆம் எண்ணில். லயன்ஸ் தேநீர்க்கடைகளில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. படித்த, வேலை பார்க்கும் பெண்கள் தங்குவதற்குச் சீனீஸ் ஸ்ட்ரீட்டில் 1889லேயே தனிக் குடியிருப்பு கட்டியிருந்தார்கள். ஏழைகளுக்கு உதவப் போகிறேன் என்றால் கிழக்கு லண்டன் வரை கூடப் போகலாம். தர்ம காரியம் என்ற பெயரில் பிரபு வீட்டுப் பெண்கள் பார்த்த உலகம் பெரியது.

அப்படி ஒரு தர்ம காரியம்தான் கான்ஸ்டன்ஸ் லிட்டன் வாழ்க்கையைத் திருப்பியது. இவரைப் பற்றி நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன். இவருடைய அப்பா லிட்டன் பிரபு, 1876 முதல் 1880 வரை இந்தியாவின் வைஸ்ராய். நம் ஊரில் தாது வருஷப் பஞ்சத்தில் மக்கள் செத்துக்கொண்டிருந்தபோது டெல்லியில் தர்பார் நடத்திய அதே லிட்டன். அந்தப் பெயரை எங்கே பார்த்தாலும் எனக்கு மனசு கசக்கும். ஆனாலும் மகளின் கதையைப் படித்துவிட்டு அவரை மதிக்காமல் இருக்க முடியவில்லை.

கான்ஸ்டன்ஸ் 1869ல் பிறந்தவர். இளமையில் ஒருவரை விரும்பினார். அந்தஸ்து போதாது என்று அம்மா சம்மதிக்கவில்லை. பிறகு கல்யாணமே இல்லை, அம்மாவோடு கிராமத்து வீட்டில் காலம் போனது. 40ஐ நெருங்கும்போதும் அவர் அந்த வீட்டில் 'மகள்'தான். ஞானத்தாயாக இருந்த உறவுக்கார அம்மையார் ஒருவர் 1000 பவுண்டு எழுதிவைத்துவிட்டுப் போனார். முதன்முதலாகத் தன் விருப்பப்படி செலவழிக்கக் கையில் கிடைத்த பணம். தையல் வேலை செய்யும் ஏழைப் பெண்கள் ஆடவும் பாடவும் கூடும் எஸ்பரன்ஸ் கிளப்புக்கு அதைக் கொடுத்தார். அந்தத் தொடர்பில் 1908ல் அவர்களோடு கடற்கரை ஊர் ஒன்றில் தங்கப் போனபோது, ஓட்டுரிமை கேட்டுச் சிறை சென்ற சஃப்ரஜெட் பெண்களைச் சந்தித்தார். அடுத்த பிப்ரவரியில் அவரே கைதாகி ஹாலோவே சிறையில் இருந்தார்.

சிறையில் அவரை மருத்துவ வார்டில் வைத்து நன்றாகக் கவனித்துக்கொண்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் நியூகாசிலில் மறுபடி கைதாகி உண்ணாவிரதம் இருந்தபோது, இதயம் பலவீனம் என்று இரண்டே நாளில் விடுதலை. கூடக் கைதான சாதாரணப் பெண்களுக்கு மட்டும் குழாய் வைத்து வலுக்கட்டாயமாக உணவு ஏற்றினார்கள். தன் பெயர்தான் தன்னைக் காப்பாற்றுகிறது என்பது அவருக்குத் தாங்கவில்லை. 1910 ஜனவரியில் தலைமுடியை வெட்டிக்கொண்டு, மலிவான தொப்பியும் கண்ணாடியும் மாட்டி, 'ஜேன் வார்ட்டன், தையல்காரி' என்ற பெயரில் லிவர்பூலில் கைதானார். இதயத்தைச் சோதிக்காமலேயே உணவு ஏற்றத் தொடங்கினார்கள். அப்படி எட்டு முறை. யார் என்று தெரிந்த பிறகுதான் விட்டார்கள். 1912ல் பக்கவாதம் வந்து வலது கை போனது. இடது கையால் தன் சிறை அனுபவங்களை எழுதி 1914ல் புத்தகமாக வெளியிட்டார். 1923ல் இறந்தார். இவருடைய தங்கை எமிலி, புது டெல்லியை வடிவமைத்த லட்டியன்ஸின் மனைவி. அடையாறு தியசாபிகல் சொசைட்டியில் ஈடுபட்டு, இளம் ஜே. கிருஷ்ணமூர்த்தியை லண்டனில் தாய் போலப் பார்த்துக்கொண்டவர்.

உங்கள் கதாநாயகிக்கு இன்னும் நெருக்கமான ஆள் சோஃபியா துலீப் சிங். பஞ்சாபின் கடைசி மகாராஜாவின் மகள், விக்டோரியா மகாராணியின் ஞானமகள். ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைக்கு எதிரே ஃபாரடே ஹவுஸ் என்ற வீட்டை மகாராணி இவருக்கும் சகோதரிகளுக்கும் கொடுத்திருந்தார். நான் இருப்பது கிங்ஸ்டன் பக்கம். நடை போகும்போது அந்த வீட்டை அடிக்கடி பார்ப்பேன். 2023ல் அதில் இவர் பெயரோடு நீலப் பலகை வைத்தார்கள். சொந்த வண்டி, வேலைக்காரர்கள், போட்டிகளுக்குப் போகும் உயர்சாதி நாய்கள், சைக்கிள், பாரிஸ் உடைகள் என்று எல்லாம் இருந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் நீங்கள் கேட்கும் சுதந்திரப் பெண் இவரேதான்.

ஆனால் வீடு அரச குடும்பத்துடையது, வருமானம் இந்திய விவகாரங்களைக் கவனித்த லண்டன் அரசுத் துறையான இந்தியா ஆபீஸ் வழியாக வருவது. அவர்களையே எதிர்த்தார் என்பதால்தான் இவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும். 1910 நவம்பர் 18 அன்று நாடாளுமன்றத்தை நோக்கிப் போன பெண்களைப் போலீஸ் மணிக்கணக்கில் அடித்துத் தள்ளியது. அந்த ஊர்வலத்தின் முன்வரிசையில் சஃப்ரஜெட் தலைவி எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட்டோடு சோஃபியாவும் இருந்தார். ஓட்டு இல்லாமல் வரி இல்லை என்று நாய்க்கும் வண்டிக்கும் உரிமக் கட்டணம் கட்ட மறுத்தார். 1911ல் அவருடைய வைர மோதிரத்தை ஜப்தி செய்து ஏலம் விட்டார்கள். தோழி ஒருவர் ஏலத்தில் எடுத்துத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த முறை 131 முத்துகள் கோத்த மாலை போனது, அதையும் தோழிகளே மீட்டார்கள். 1913ல் தன் வீட்டுக்கு எதிரே, அரண்மனை வாசலிலேயே நின்று சஃப்ரஜெட் பத்திரிகை விற்றார்.

இனி உங்கள் கதைக்கு. அவளுக்கு ஓர் அத்தையின் உயில் கொடுங்கள். வயது 23 என்பதால் பணத்தை அவளே கையாளலாம். கூடத் தங்க, முன்பு பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியை ஒருவரை வையுங்கள். அப்படி ஓர் அம்மாள் வீட்டில் இருந்தால் ஊர் பாதி வாயை மூடிக்கொள்ளும். மீதிப் பாதி அழைப்பிதழ் அனுப்புவதை நிறுத்தும். அது அவளை எவ்வளவு வலிக்கச் செய்யும் என்று எழுதுங்கள், ஏனென்றால் அவள் வளர்ந்த உலகமே அந்த அழைப்பிதழ்கள்தான். பணிப்பெண்ணை மறக்காதீர்கள். அப்போது பத்து லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் வீட்டு வேலையில் இருந்தார்கள். உடைக்குப் பின்பக்கம் பொத்தான் என்பதால் அவள் வந்து போட்டுவிடாமல் உங்கள் கதாநாயகி வாசலைத் தாண்ட முடியாது.

1908 என்று வைத்திருக்கிறீர்கள் அல்லவா? அந்த ஆண்டு ஜூன் 21 ஞாயிற்றுக்கிழமை ஹைட் பார்க்கில் ஓட்டுரிமைக்கான மாபெரும் கூட்டம் நடந்தது. ஏழு திசைகளிலிருந்து ஊர்வலம், லட்சக்கணக்கில் கூட்டம், சஃப்ரஜெட்டுகளின் ஊதா வெள்ளை பச்சை நிறங்கள் முதன்முதலாக வெளியே வந்த நாள். பெண்களை வெள்ளை உடையில் வரச் சொல்லியிருந்தார்கள். அவள் வீட்டை விட்டு வெளியேறும் கட்டத்தை அந்த வாரத்தில் வைக்கலாம். அரண்மனைக்குத் தைத்த வெள்ளை உடையிலிருந்து நீண்ட துணியைக் கழற்றிவிட்டால் போதும், ஊர்வலத்துக்கு அதுவே சரியாக இருக்கும்.