பவர் போட்டால் நிற்கிறது, ரீசெட் அழுத்தினால் ஓடுகிறது: ஏன்?

ஜூரோங் ஈஸ்ட் வாசகர் கேட்கிறார்: "எஸ்டிஎம்32எஃப்407 மைக்ரோகன்ட்ரோலர் போர்டு. பவர் போட்டதும் சில நேரம் அப்படியே நின்றுவிடுகிறது. ரீசெட் பட்டனை அழுத்தினால் ஓடுகிறது. கடிகாரத் துடிப்பு தரும் கிரிஸ்டல் நிலைபெறக் காத்திருக்கும் அளவை 5000 என்று ஒரு குளோபல் மாறியில் வைத்திருக்கிறேன். மெயினுக்கு முன்பே ஓடும் சிஸ்டம்இனிட் ஃபங்ஷனில் இன்னொரு குளோபலில் எழுதிய ரீசெட் காரணமும் மெயினில் 0 ஆகிவிடுகிறது. ரேம் கெட்டுவிட்டதா?"

இல்லை. சிம் லிம் டவருக்குப் போய் வேறு போர்டு வாங்க வேண்டியதில்லை. மெயினுக்கு முன் ஓடும் ஸ்டார்ட்டப் நிரல் ரேமைத் தயார் செய்வதற்கு முன்பே நீங்கள் அதை நம்பிவிடுகிறீர்கள்.

அந்த 5000 ஃபிளாஷில்தான் இருக்கிறது. அதை ரேமுக்கு நகலெடுப்பதும், மதிப்பு தராத குளோபல்களை 0 ஆக்குவதும் ஸ்டார்ட்டப் ஃபைலின் வேலை. பல ஸ்டார்ட்டப் ஃபைல்களில் சிஸ்டம்இனிட் அதற்கு முன்பே ஓடிவிடும்; உங்களுடையதைத் திறந்து வரிசையைப் பாருங்கள். ரீசெட் பட்டனில் மின்சாரம் அறுபடாது, அதனால் முந்தைய ஓட்டத்தின் 5000 ரேமில் அப்படியே கிடக்கும். பவர் போடும்போது அங்கே இருப்பது குப்பை. அது பெரிய எண்ணாக இருந்தால் தப்பித்தீர்கள். சிறியதாக இருந்தால் கிரிஸ்டல் நிலைபெறும் முன்பே நேரம் தீர்ந்து, நிரல் பிழை லூப்பில் மாட்டிக்கொள்ளும். ரீசெட் காரணம் 0 ஆனதும் இதே கதைதான்: நீங்கள் எழுதியதை ஸ்டார்ட்டப் பிறகு வந்து அழித்துவிட்டது.

உறுதி செய்ய, ஃபிளாஷ் எழுதி முடித்தபின் டீபக்கரில், ரீசெட் ஆனதும் முதலில் ஓடும் ரீசெட் ஹேண்ட்லரின் முதல் வரியிலேயே நிறுத்துங்கள். ரேமில் ஹெக்ஸ் (16 அடிமான) முகவரி 20000000 முதல் 2001FFFF வரை, அதாவது 128 கேபி முழுவதையும் 0 ஆக நிரப்பி ஓடவிடுங்கள். எப்போதாவது வந்த கோளாறு ஒவ்வொரு முறையும் வரும். பிறகு ஹெக்ஸ் 55555555 நிரப்பியும் பாருங்கள். 0 மறைக்கும் தவறுகள் அதில் வெளிப்படும்.

தீர்வு எளிது. 5000-ஐ 'கான்ஸ்ட்' ஆக்குங்கள், ஃபிளாஷிலேயே தங்கிவிடும். ரீசெட் காரணத்தை மெயினிலேயே படியுங்கள். நீங்கள் அழிக்கும்வரை ரீசெட் காரணத்தைக் காட்டும் கொடிகள் (ஃபிளாக்) சிப்பின் ரெஜிஸ்டரில் இருக்கும். சிஸ்டம்இனிட்டில் ரெஜிஸ்டர்களும் லோக்கல் மாறிகளும் போதும். எஸ்டியின் ஹால் நூலகத்தில் உள்ள காத்திருப்பு ஃபங்ஷனான ஹால் டிலேயை அங்கே அழைக்கவே கூடாது: அது நம்பும் டிக் எண்ணி இன்னும் ஓடத் தொடங்கவில்லை, காத்திருப்பு முடியவே முடியாது.

நிரலின் தொடக்கத்தில் உள்ள முகவரிப் பட்டியலான வெக்டர் டேபிளின் முதல் 32-பிட் சொல்லையும் பாருங்கள்; அதுதான் ஸ்டாக்கின் தொடக்க முகவரி. ஸ்டாக்கை இந்த ரேமின் உச்சியில் வைத்திருந்தால் ஹெக்ஸ் 20020000 இருக்க வேண்டும். ஹெக்ஸ் 10000000-இல் உள்ள, சிபியு மட்டுமே எட்டும் தனி ரேமான 64 கேபி சிசிஎம் ரேமில் மாறிகளை வைத்தால், வழக்கமான ஸ்டார்ட்டப் அவற்றைத் தயார் செய்யாது. அதற்கான நகலெடுக்கும் லூப்பை நீங்களே சேர்க்க வேண்டும். சிபியு இல்லாமலே தரவை நகர்த்தும் டிஎம்ஏவும் அங்கே எட்டாது.

முதலில் ஓடும் சிறு நிரலான பூட்லோடரிலிருந்து உங்கள் நிரலுக்குத் தாவுகிறீர்கள் என்றால், தாவும் முன் சிஸ்டிக் டைமரையும் எல்லா இன்டரப்ட்டுகளையும் நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் புது நிரலின் ரேம் தயாராகும் முன்பே அதன் இன்டரப்ட் ஹேண்ட்லர் ஓடிவிடும்.