கடற்சட்டப் பட்டப்பின் படிப்புக்கான புலமைப்பரிசில்கள்: கேள்வி பதில்

ஹற்றனில் கூடும் எமது வாசகர் வட்டத்துக்கு, கடற்சட்டத்தில் பட்டப்பின் படிப்புக்குக் கிடைக்கும் புலமைப்பரிசில்களைப் பற்றிப் பல கேள்விகள் வந்துள்ளன. கொழும்பில் கப்பல் தொடர்பான கோப்புகளைப் பார்க்கும் அரச சட்ட உத்தியோகத்தர் என்பதாலும், மோல்டாவில் சட்ட முதுமாணிப் பட்டம் பெற்றவள் என்பதாலும் பதில் எழுதும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டுள்ளது.

தலவாக்கலையிலிருந்து ஒரு சட்டத்தரணி: மோல்டாவில் படிக்க நேரடியாக விண்ணப்பிக்கலாமா? அங்கே எதைப் படிப்பிக்கிறார்கள்?

மோல்டாவிலுள்ள சர்வதேச கடல்சார் சட்ட நிறுவனத்தை, ஐக்கிய நாடுகளின் சிறப்பு முகவரகமான சர்வதேச கடல்சார் அமைப்பு 1988இல் மோல்டா அரசாங்கத்துடன் செய்துகொண்ட உடன்படிக்கையின் மூலம் நிறுவியது. வளர்முக நாடுகளுக்குத் தமது கடற்சட்டங்களைத் தாமே வரையக்கூடிய சட்டத்தரணிகள் வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆகவே, பொதுவாக அரசாங்கம் முன்மொழிந்து அனுப்புபவர்களுக்கே நன்கொடையாளர்களின் பணம் கிடைக்கிறது. தனியார் தொழில் செய்யும் நீங்கள், உங்கள் படிப்பால் பயனடையக்கூடிய ஓர் அமைச்சையோ திணைக்களத்தையோ முதலில் தேடிக்கொள்ள வேண்டும்.

அங்கே படித்தவற்றுள் என் மனத்தில் ஆழப் பதிந்தது சட்டவரைவுப் பயிற்சிதான். இலங்கை ஒரு சமவாயத்தில், அதாவது நாடுகள் தமக்குள் செய்துகொள்ளும் உடன்படிக்கையில், ஒப்பமிட்டாலும், நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றும்வரை அது எமது நீதிமன்றங்களில் சட்டமாகச் செல்லுபடியாகாது. அதனால் ஒவ்வொரு மாணவரும் ஒரு சமவாயத்தை எடுத்துத் தமது நாட்டுக்கான சட்டமூலமாக மாற்றி எழுத வேண்டும். நான் எடுத்தது, மூழ்கிய கப்பல்களை அகற்றுவது பற்றிய 2007ஆம் ஆண்டின் நைரோபிச் சமவாயம். விபத்தை அறிவிக்கும் கடமையை அது கப்பல் தலைவர்மீதும் கப்பலை இயக்குபவர்மீதும் சுமத்துகிறது. அகற்றும் செலவையோ பதிவுசெய்யப்பட்ட உரிமையாளர்மீது சுமத்துகிறது. என் முதல் வரைவில் இரண்டு இடத்திலும் ‘உரிமையாளர்’ என்றே எழுதியிருந்தேன். விரிவுரையாளர் அந்தச் சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, “இப்படியானால் இயக்குபவர் தப்பிவிடுவார்” என்று ஓரத்தில் எழுதித் தந்தார். 2021 ஜூன் மாதத்தில் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எமது கடலில் மூழ்கி, பிளாஸ்டிக் மணிகள் மேற்குக் கரையெங்கும் ஒதுங்கியதைக் கண்ட நாட்டுக்கு, ஒரு சொல்லின் இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

பண்டாரவளையிலிருந்து சுங்க உத்தியோகத்தர் ஒருவர்: என்னுடைய பட்டம் முகாமைத்துவத்தில். எனக்கு வழி உண்டா?

உண்டு. மோல்டாவிலேயே சட்டம் படிக்காதவர்களுக்கெனத் தனி முதுமாணிப் பட்டம் இருக்கிறது. சுவீடனின் மல்மோ நகரில் 1983இல் தொடங்கப்பட்ட உலகக் கடல்சார் பல்கலைக்கழகம் உங்களுக்கு இன்னும் பொருத்தமாக இருக்கலாம். அங்கே கடல்சார் சட்டமும் கொள்கையும் ஒரு சிறப்புத் துறை. முதுமாணிப் பட்டம் கிடைக்காவிட்டாலும் அனுபவம் கிடைத்தால் போதுமென்றால், ஐக்கிய நாடுகள் சபையும் நிப்பொன் அறக்கட்டளையும் 2004 முதல் வழங்கும் ஒன்பது மாதப் புலமைப்பரிசிலைப் பாருங்கள். அது 25 முதல் 40 வயது வரையிலான நடுநிலை அரச உத்தியோகத்தர்களுக்கானது.

மஸ்கெலியாவிலிருந்து: மிஸ், பல்கலைக்கழகச் சேர்க்கைக் கடிதம் வந்துவிட்டது. ஒரு முகவர் பணம் கட்டினால் புலமைப்பரிசில் நிச்சயம் என்கிறார்.

ஒரு சதமும் கொடுக்காதீர்கள். சேர்க்கைக் கடிதம் வேறு, புலமைப்பரிசில் வேறு. நான் மேலே சொன்ன எந்தப் புலமைப்பரிசிலையும் முகவர் ஒருவரால் உறுதிசெய்ய முடியாது.

கொட்டகலையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்: லயத்துக்கும் காணிக்கும் இன்னும் உறுதி இல்லாமல் இருக்கிறோம். எமது பிள்ளைகள் காணிச் சட்டம் படிக்கட்டும். கடற்சட்டத்தைக் கரையோரத்தாருக்கு விட்டுவிடலாமே?

ஐயா, காணிச் சட்டத்தரணிகள் எமக்கு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கடல் எமக்கு வெளியே இருக்கிறது என்ற எண்ணத்தை நான் ஏற்க மாட்டேன். நாங்கள் பறிக்கும் கொழுந்து கொள்கலனில் ஏறிய நொடியிலிருந்து அதன்மீது ஆட்சி செய்வது கடற்சட்டம். 2021இல் எவர் கிவன் கப்பல் சுயஸ் கால்வாயில் சிக்கியபோது, மீட்புச் செலவைக் கப்பலுக்கும் சரக்குக்கும் பங்கிடும் பழைய விதி அமுலாக்கப்பட்டது. சரக்கில் ஒரு கீறலும் விழாத வணிகர்கள்கூடப் பிணை கொடுத்தே கொள்கலனைப் பெறவேண்டியிருந்தது. எமது தேயிலைக்கு அப்படி நேர்ந்தால் அந்தச் செலவு யார் தலையில் இறங்கும் என்பதை வாசித்துச் சொல்ல எம்மிடையே எத்தனை பேர் இருக்கிறார்கள்?

இன்னொன்றையும் சொல்கிறேன். சொகுசுக் கப்பல்களில் வேலைக்குப் போக எமது இளைஞர்கள் நகைகளை அடகுவைத்து முகவர்களுக்குப் பணம் கட்டுகிறார்கள். 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் சமவாயப்படி, வேலை தேடித் தருவதற்கான கட்டணத்தைக் கடலோடியிடம் அறவிடக் கூடாது. மருத்துவச் சான்றிதழ், கடலோடிப் புத்தகம், கடவுச்சீட்டு ஆகியவற்றின் செலவை மட்டுமே அவர் ஏற்கலாம். இதை எடுத்துச் சொல்ல ஒரு சட்டத்தரணி எமது ஊரிலேயே இருந்திருந்தால் எத்தனை தாலிக்கொடிகள் மிஞ்சியிருக்கும்!

அதே ஆசிரியர்: ‘கரையோர நாடு’ என்று புலமைப்பரிசில் விளம்பரத்திலேயே எழுதியிருக்கிறதே?

கரையோர நாடு என்பது அரசைக் குறிக்கும் சொல். விண்ணப்பதாரியின் ஊரைக் குறிப்பதன்று. இலங்கையின் 200 கடல் மைல் பிரத்தியேக பொருளாதார வலயத்தில் காலிக்காரருக்கு உள்ள பங்கு நுவரெலியாக்காரருக்கும் உண்டு.

இராகலையிலிருந்து ஒருவர்: ஆசிரியர் ஐயா மன்னிக்க வேண்டும். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு என் பாட்டியின் அண்ணன் குடும்பம் இந்தியாவுக்குப் போகத் தலைமன்னாரில் கப்பலேறியது. அந்தக் கடலை எப்படி எமதல்ல என்பது?

இது கேள்வி அல்ல என்றாலும் இங்கே இருக்கட்டும். என் வீட்டிலும் அப்படிப் போனவர்களின் படம் ஒன்று சுவரில் இருக்கிறது. இதோடு ஓர் இலங்கையரின் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐ.நா.வின் மூன்றாவது கடற்சட்ட மாநாட்டுக்கு 1973 முதல் 1980இல் இறக்கும்வரை தலைமை தாங்கியவர் ஹமில்டன் ஷேர்லி அமரசிங்க. அவர் நினைவாக 1981இல் பொதுச் சபை நிறுவிய கடற்சட்டப் புலமைப்பரிசில் இன்றும் அவர் பெயரிலேயே வழங்குகிறது.

பதுளையிலிருந்து: இந்த வருடம்தான் பட்டம் பெற்றேன். விண்ணப்பிக்கலாமா?

முதலில் வேலைக்குப் போங்கள். பிரித்தானிய அரசாங்கத்தின் செவனிங் புலமைப்பரிசிலுக்கே 2,800 மணிநேர வேலை அனுபவம் வேண்டும்.

கம்பளையிலிருந்து: கச்சதீவு யாருக்குச் சொந்தம்?

1974, 1976 உடன்படிக்கைகளை வாசியுங்கள். இங்கே புலமைப்பரிசில்களை மட்டுமே பேசுவோம்.

நாவலப்பிட்டியிலிருந்து: முகவர் மூலம் போனால் விரைவாகக் கிடைக்குமா?

மஸ்கெலியாவுக்கு எழுதிய பதிலை வாசியுங்கள்.

வட்டவளையிலிருந்து: எனக்குத் தெரிந்த முகவர் நல்லவர்...

நல்லவராகவே இருக்கட்டும். பணம் கொடுக்காதீர்கள்.

ஹற்றனிலிருந்து அரச சட்டத்தரணி ஒருவர்: அக்கா, எனக்கு நான்கு வயதில் மகள். திணைக்களம் என் பெயரை முன்மொழியுமா என்று தயக்கமாக இருக்கிறது.

தயங்க வேண்டாம், தங்கச்சி. மோல்டா நிறுவனத்தின் சட்ட முதுமாணி வகுப்பில் பாதி இடங்கள் பெண்களுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. இதை உங்கள் கோரிக்கைக் கடிதத்தின் முதல் பந்தியிலேயே எழுதுங்கள். மகளைப் பற்றி வீட்டில் முடிவெடுங்கள். திணைக்களத்துக்கு அதை விளக்கத் தேவையில்லை.

ஒரேயொரு எச்சரிக்கை. என் முதல் விண்ணப்பம் ஓர் அலுவலகத்தின் தட்டிலேயே கிடந்து, கையொப்பம் விழுந்தபோது இறுதித் திகதி கடந்து ஒன்பது நாளாகியிருந்தது. அடுத்த முறை கடிதத்தை நானே ஒவ்வொரு மேசையாகக் கொண்டுபோய், கொடுத்த திகதியையும் பெற்றவரின் பதவியையும் ஒரு கொப்பியில் எழுதிவைத்தேன். இறுதித் திகதிக்கு மூன்று மாதம் முன்னதாகவே உங்கள் கடிதத்தைத் தலைமை எழுதுவினைஞரிடம் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.