கண்டிக்காரிக்குப் பெயர் இல்லையா?

"என் கொள்ளுத்தாத்தாவின் பெயரை 1901 மக்கள்தொகைக் கணக்கில் தேட விரும்புகிறேன். லண்டனில் இருக்கும் நண்பர், 1881 கணக்கைப் புரட்டித் தம் ஆங்கிலேய மனைவியின் முன்னோர் குடியிருந்த வீட்டையே கண்டுபிடித்துவிட்டார். எங்கள் வம்சத்தில் ஆறு தலைமுறை ஆண்களின் பெயர்கள் என்னிடம் உள்ளன; வம்சாவளிப் படத்தை இணைத்திருக்கிறேன். கொள்ளுத்தாத்தா கண்டிச் சீமையிலிருந்து திரும்பி வந்து இரண்டு ஏக்கர் நஞ்சை வாங்கியவர். கொள்ளுப்பாட்டியின் பெயர் தெரியவில்லை, ஊரில் 'கண்டிக்காரி' என்பார்களாம். பெரிய அத்தைக்கு 84 வயது, அவருக்குத் தெரிந்திருக்கலாம். ஆனால் நிலத்தில் பங்கு கேட்டதிலிருந்து போக்குவரத்து இல்லை. பழைய கணக்கு எங்கே கிடைக்கும்?"
– வாசகர், துறையூர்

கிடைக்காது. இங்கிலாந்தில் வீடு வீடாக எழுதிய தாள்களைப் பத்திரப்படுத்தி, 100 ஆண்டு கழித்துத் திறந்துவிடுகிறார்கள். அதே 1881-இல் பிப்ரவரி 17 அன்று இங்கேயும் கணக்கு எடுத்தார்கள். ஆனால் தொகையைக் கூட்டி அச்சிட்டதோடு சரி, பெயர் எழுதிய தாள்களைச் சேர்த்துவைக்கவில்லை. 1901-இலும் அதே கதைதான். உங்கள் தாலுகாவில் எத்தனை பேர், அதில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று அறிக்கையில் பார்க்கலாம். உங்கள் கொள்ளுத்தாத்தா அந்தக் கூட்டுத்தொகையில் ஒரு புள்ளி, அவ்வளவுதான். சுதந்திரத்துக்குப் பிறகு எடுத்த கணக்குத் தாள்களையும் யாரும் பார்க்க முடியாதபடி 1948-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

இனி உங்கள் படத்துக்கு வருகிறேன். ஆறு ஆண்கள், ஆறு கட்டங்கள். கண்டியிலிருந்து வந்தவளுக்குக் கட்டமே இல்லை. 'பெயர் தெரியவில்லை' என்று போகிற போக்கில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

1951-52 முதல் பொதுத்தேர்தலின்போது சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். 'இன்னார் மனைவி', 'இன்னார் மகள்' என்று மட்டுமே சொல்லி, சொந்தப் பெயரைத் தராததுதான் காரணம். பெரும்பாலும் வடக்கே நடந்தது அது. நம் பக்கம் அப்படியெல்லாம் இல்லை என்று பெருமை பேசுகிறோம். துறையூரில் ஒரு குடும்பம் தன் கொள்ளுப்பாட்டிக்கு ஊர்ப் பெயரை ஒட்டவைத்து, அதுவே போதும் என்று இருந்திருக்கிறது.

கண்டிச் சீமை என்று நம் ஊரில் சொன்னது இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களைத்தான். அங்கே ஆணும் பெண்ணுமாகத்தான் வேலை செய்தார்கள். கொழுந்து பறித்ததில் பெரும்பங்கு பெண்களுடையது. கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு, காலை முதல் சரிவில் நின்று பறித்து, தராசடியில் வரிசையில் நிற்க வேண்டும். இலை ஈரமாக இருந்தால் எடையில் கழித்துக்கொள்வார்கள். கணக்கப்பிள்ளை செக்ரோல் என்னும் கூலிப் பதிவேட்டில் குறித்துக்கொள்வார். தோட்டத்துத் தமிழில் ஒரு நாள் கூலிக்கு என்ன சொல் தெரியுமா? 'பேர்'. கொழுந்து குறைந்தால் 'அரைப்பேர்', அதாவது பாதிக் கூலி. நாள் தவறாமல் பேர் விழ வேண்டும் என்று மழையிலும் மலை ஏறியவளுக்கு உங்கள் வீட்டில் அரைப்பேர்கூட விழவில்லை.

அந்த இரண்டு ஏக்கரைக் கொள்ளுத்தாத்தா வாங்கினார் என்கிறீர்கள். பத்திரம் அவர் பெயரில் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அவள் கூலி வேறு எங்கே போயிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? தோட்டத்தில் குடும்பம் மொத்தமும் உழைத்தால்தான் கடன் அடைந்து கையில் நாலு காசு மிஞ்சும். அவள் பேத்திதான் இன்று அந்த மண்ணில் பங்கு கேட்டவர், நீங்கள் போக்குவரத்தை நிறுத்திய உங்கள் பெரிய அத்தை. சட்டப்படி அவருக்கு என்ன உண்டு என்பதை வக்கீல் சொல்லட்டும். பாட்டியின் உழைப்பில் வந்த நிலத்தைப் பேத்தி வாய்விட்டுக் கேட்டதை ஒரு குற்றமாக எனக்கு எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அறியாமல் செய்தீர்கள் என்று சமாதானம் சொல்ல நான் தயாராக இல்லை.

வழி இருக்கிறது. தோட்டங்களில் நடந்த பிறப்புகள் இலங்கையின் அரசுப் பதிவேடுகளில் ஏறின. உங்கள் தாத்தா அங்கே பிறந்தவரானால், அவருடைய பிறப்புப் பதிவில் தாயின் பெயரைத் தேடலாம். நகல் கேட்டு விண்ணப்பிக்க மாவட்டம் தெரிய வேண்டும், தோட்டமும் ஆண்டும் தெரிய வேண்டும். அத்தை சொல்லும் தோட்டத்தின் பெயர் வரைபடத்தில் இல்லாமல் போகலாம். துரைமார் வைத்த ஆங்கிலப் பெயர் ஒன்று, தொழிலாளர்கள் வழங்கிய தமிழ்ப் பெயர் ஒன்று என்று பல தோட்டங்களுக்கு இரண்டு பெயர் உண்டு. அதனால் எந்த ஸ்டேஷனில் இறங்கி நடந்தார்கள் என்றும் கேளுங்கள். ஹட்டனா, தலவாக்கலையா, பண்டாரவளையா என்று தெரிந்தால் தேடும் இடம் சுருங்கிவிடும்.

இந்த வாரமே போங்கள். 84 வயது. நோட்டும் பேனாவுமாக வாசலில் போய் நிற்காதீர்கள். முதலில் போக்குவரத்தை நிறுத்தியதற்கு மன்னிப்புக் கேளுங்கள், நிலத்தைப் பற்றி அவர் சொல்வதை இடைமறிக்காமல் கேளுங்கள். அவருடைய பாட்டியைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.

அத்தையின் பெயரையும் உங்கள் வம்சாவளிப் படத்தில் தேடிப் பார்த்தேன். அதுவும் இல்லை.