புதுக் கணினி எரியவே இல்லை, கடைக்காரர் இடியைக் காட்டுகிறார்

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம் ஐயா. மகன் டிப்ளோமா படிக்கிறான். கூட்டு (சீட்டு) எடுத்த பணத்தில் பட்டணத்துக் கடையில் 3,200 வெள்ளிக்குக் (ரிங்கிட்) கணினி அசெம்பிள் பண்ணி வாங்கினோம். வீட்டில் சுவிட்சைத் தட்டினால் காற்றாடி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை. மறுநாளே கடைக்குப் போய்ச் சொன்னோம். "இடி அடிச்சிருக்கும், தோட்டத்துக் கரண்டு அப்படித்தான். கம்பெனிக்கு அனுப்பணும், ரெண்டு மாசம் ஆகும்" என்கிறார் முதலாளி. ரசீதில் 'விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது' என்று மலாயில் சாப் (முத்திரை) குத்தியிருக்கிறது. எங்களுக்கு வழி உண்டா?

பதில்: உண்டு அம்மா. அந்தச் சாப்பைப் பார்த்துப் பேசாமல் வீடு திரும்புகிறவர்கள் நிறையப் பேர். மலேசியாவின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999-இன் 6ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் மாறாக என்ன எழுதியிருந்தாலும் சட்டம் தரும் உரிமை போகாது. 32ஆம் பிரிவு, விற்கிற பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்கும் என்ற உத்தரவாதத்தைக் கடைக்காரர் தலையிலேயே வைக்கிறது. கம்பெனி வாரண்டி அதற்கு மேல் வருவது. அதைக் காட்டி அவர் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

ஆனால் மறுபடி கடை ஏறுவதற்கு முன் ஒன்று பாருங்கள். பெட்டியின் பின்புறம் திரைக்கேபிள் சொருகும் துளை இரண்டு இடத்தில் இருக்கிறதா? கிராபிக்ஸ் கார்டு (திரையில் படம் வரவைக்கும் அட்டை) தனியாகப் போட்ட கணினியில் கேபிளைக் கீழே, படுக்கைவாட்டில் இருக்கும் துளையில்தான் சொருக வேண்டும். மேலே சொருகினால் பல கணினிகளில் காற்றாடி சுற்றும், திரை இருட்டாகவே கிடக்கும். இதுதான் கோளாறு என்றால் சட்டமே தேவையில்லை. செம்மண் ரோட்டில் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்திருந்தால் உள்ளே ரேம் (நினைவக அட்டை) தளர்ந்திருக்கவும் கூடும். அதற்காகப் பக்கத்து வீட்டுத் தம்பியை விட்டு மூடியைக் கழற்றாதீர்கள். ஸ்டிக்கர் கிழிந்தால், நீங்களே கெடுத்துவிட்டீர்கள் என்று சொல்ல அவருக்கு வாய் கிடைத்துவிடும்.

ரேம் தளர்ந்தது போன்ற சின்னக் கோளாறு என்றால், நியாயமான காலத்துக்குள் சரிசெய்து தரச் சொல்லலாம். 41ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. அவர் மறுத்தாலோ இழுத்தடித்தாலோ வேறிடத்தில் பழுது பார்த்து அந்தச் செலவைக் கேட்கலாம், அல்லது பொருளையே நிராகரிக்கலாம். மதர்போர்டே (எல்லாப் பாகமும் பொருந்தும் தாய்ப்பலகை) செத்துப் பிறந்தது என்றால், என் கணிப்பில் அது 44ஆம் பிரிவு சொல்லும் பெரிய குறை. தெரிந்திருந்தால் யார் வாங்குவார்? அப்போது நேரடியாகத் திருப்பிக் கொடுத்து, பணமோ வேறு கணினியோ கேட்கலாம். தாமதித்தால் நிராகரிக்கும் உரிமை நழுவும் (பிரிவு 43). இந்த வாரமே செய்யுங்கள்.

இடி விஷயத்துக்கு வருகிறேன். பேராக்கில் சாயங்கால இடி புதிதல்ல. அன்றிரவு உங்கள் வீட்டு டிவி, பிரிட்ஜ் எல்லாம் கருகியிருந்தால் உங்கள் வாதம் பலவீனம்தான். மற்றதெல்லாம் ஓடுகிறது, இது மட்டும் முதல் தடவையே எரியவில்லை என்றால், வாயால் 'இடி' என்றால் போதுமா? பெட்டியைத் திறந்து பார்த்த டெக்னிஷன் ரிப்போர்ட்டை எழுத்தில் கேளுங்கள். அவர் கடையில் வைத்தே போட்டுப் பார்த்தாரா என்பதை நீங்கள் எழுதவில்லை. பார்க்காமலே சொல்லியிருந்தால் அதையும் குறித்து வையுங்கள். உங்கள் கோரிக்கையை, 14 நாள் கெடு வைத்து, வாட்சாப்பில் அனுப்பி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

மசியாவிட்டால் ஈப்போவில் மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. போராங் 1 என்ற படிவத்தில் மனு போடலாம், கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கேட்கலாம், 3 ஆண்டுக்குள் போட வேண்டும். அங்கே வக்கீலுக்கு இடமில்லை, நானே வருகிறேன் என்றாலும் உள்ளே விடமாட்டார்கள். ரசீது, இருட்டுத் திரையின் வீடியோ, வாட்சாப் பேச்சு, இவற்றோடு நீங்களே போங்கள். தீர்ப்பை, குறித்த கெடுவுக்குள் கடைக்காரர் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம்.

கூட்டுப் பணம் என்று எழுதியிருக்கிறீர்கள். கூட்டு நடத்துவதற்கு 1971 முதல் தடைச் சட்டம் இருக்கிறது, அது வேறு கதை. இந்த வழக்குக்கு வேண்டியது நீங்கள் பணம் கட்டிய ரசீதுதான்.