இலையுதிர்காலத்தில் ஆம்ஸ்டர்டாம் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகள் நெதர்லாந்தின் லெய்டனில் படிக்கிறாள். எனக்கு விடுமுறை கிடைப்பது நவம்பர் தொடக்கத்தில்தான். அப்போது ஆம்ஸ்டர்டாமில் மழையும் இருட்டுமாக இருக்கும், துலிப் பூக்கும் ஏப்ரலில் போனால்தான் செலவழித்த பணத்துக்குப் பொருள் உண்டு என்கிறார்கள் உறவினர்கள். வரலாற்றை ஓரளவு வாசித்தவள் என்பதால் கேட்கிறேன்: இலையுதிர்காலத்தில் அந்தக் கால்வாய்களில் பார்க்க என்ன இருக்கிறது?

ஒரு வாசகி, ரோஸ் ஹில், மொரிஷியஸ்

அன்புள்ள சகோதரிக்கு,

நவம்பரிலேயே போய் வாருங்கள். துலிப் வயல்கள் நகரத்துக்கு வெளியே இருப்பவை. கால்வாய்களைப் பார்க்கப் போகிறவருக்கு அவற்றால் ஆகப்போவது ஒன்றுமில்லை. கரையெங்கும் நிற்கும் எல்ம் மரங்கள் கோடையில் வீடுகளின் மேல்பாதியை மறைத்துவிடுகின்றன. இலை மஞ்சளாகி உதிரும்போதுதான் முகப்புகள் உச்சிவரை தெரியத் தொடங்கும், பார்க்க வேண்டியதும் அந்த உச்சியில்தான் இருக்கிறது.

அங்கே தெருவை நோக்கி ஒரு கட்டை நீண்டிருக்கும், அதன் முனையில் இரும்புக் கொக்கி தொங்கும். உள்ளே படிக்கட்டுகள் ஏணியைப் போலச் செங்குத்தாகவும் குறுகலாகவும் இருப்பதால், படகில் வந்திறங்கிய மூட்டைகளைக் கயிற்றில் கட்டி அந்தக் கொக்கியின் வழியாகவே பரணுக்கு ஏற்றினார்கள். ஏறும் மூட்டை சன்னலில் இடிக்காமலிருக்க, பல வீடுகளின் முகப்பைச் சற்று முன்சாய்வாகவே எழுப்பினார்கள். (மரத்தூண் அடித்தளம் இறங்கி, பக்கவாட்டில் உண்மையாகவே சரிந்த வீடுகளும் உண்டு.) இன்று விலைமதிப்பற்ற மாளிகைகளாகத் தெரியும் அவற்றில் பல, வணிகரின் வீடும் கிடங்கும் ஒன்றாக இருந்தவை.

அந்தக் கிடங்குகளுக்கு நம்மோடும் தொடர்பு உண்டு. ஹேரன்கிராக்ட், கைசர்ஸ்கிராக்ட், பிரின்சன்கிராக்ட் என்று இன்று யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் கால்வாய் வளையத்தைத் தோண்டத் தொடங்கியது 1613-இல். அதே ஆண்டில்தான் சோழமண்டலக் கரையில் பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கெல்திரியா கோட்டை எழுந்தது. அங்கிருந்து துணி மட்டுமல்ல, அடிமைகளாக்கப்பட்ட தமிழர்களும் பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றப்பட்டார்கள். 1598-இல் நம் தீவில் இறங்கி இளவரசர் மௌரிட்ஸின் பெயரை வைத்தவர்களும், 1638 முதல் கிராண்ட் போர்ட் பக்கம் குடியேறிக் கருங்காலியை வெட்டி அனுப்பியவர்களும் டச்சுக்காரர்களே. நாம் தினமும் பார்க்கும் பீத்தர் போத் மலை, 1615-இல் நம் கடலில் கப்பல் உடைந்து மாண்ட அவர்களுடைய முதல் கவர்னர் ஜெனரலின் பெயரைத் தாங்கியது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆம்ஸ்டர்டாம் தலைமையகம் இன்று பல்கலைக்கழகக் கட்டடம். அதன் செங்கல் முற்றத்தில் சிறிது நேரம் நின்று பாருங்கள். அருங்காட்சியகத்தில் அரை நாள் சுற்றுவதைவிட எனக்கு அது மேலாகத் தோன்றியது. அடிமை வணிகத்தில் நகரத்துக்கு இருந்த பங்குக்காக 2021-இல் அதன் மேயர் மன்னிப்புக் கேட்டார் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

உறவினர்கள் பயமுறுத்தும் இருட்டு உண்மைதான். நவம்பர் முதல் வாரத்தில் மாலை ஐந்து மணியளவில் சூரியன் மறைந்துவிடும். ஆனால் அங்கே பல வீடுகளில் திரைச்சீலையை இழுத்து மூடும் வழக்கமில்லை. விளக்கேற்றியதும் பழைய உத்தரங்களும், சித்திரம் தீட்டிய கூரையும் கரையில் நடப்பவருக்குத் தெரியும். கோடைப் பயணிக்கு இரவு பத்து மணிவரை வெளிச்சம் இருப்பதால், இது அவ்வளவு எளிதில் வாய்ப்பதில்லை.

மழை நாளில் கண்ணாடிக் கூரைப் படகு வேண்டாம். கூரையில் நீர் வழிந்துகொண்டிருக்கும்போது கொக்கியும் தெரியாது, முகப்பும் தெரியாது. நடந்தே பாருங்கள். காற்றில் குடை நிற்காது, தலையை மூடும் மழை அங்கி போதும். பகலிலேயே வெப்பம் பத்து டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், நம் ஊர் கியூர்பீப்பின் ஜூலைக் குளிரை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஓரம் ரம்பப்பல்லாக இருக்கும் சிறிய எல்ம் இலைகள் நனைந்து செங்கல் தரையோடு ஒட்டிக்கிடக்கும் இடங்களில் கால் வழுக்கும். அந்த நேரத்தில் தடுமாறிச் சைக்கிள் பாதையில் இறங்கிவிடக் கூடாது, சைக்கிள் ஓட்டுபவர்கள் மணியடிப்பார்களே தவிர வேகத்தைக் குறைக்க மாட்டார்கள்.

ஆன் ஃபிராங்க் ஒளிந்திருந்த வீடு பிரின்சன்கிராக்ட் கரையில்தான் இருக்கிறது. வாசலில் நின்று சீட்டு வாங்க முடியாது. ஆறு வாரம் கழித்து வரும் நாட்களுக்கான சீட்டுகளைச் செவ்வாய்க்கிழமைதோறும் இணையத்தில் வெளியிடுகிறார்கள், விரைவில் தீர்ந்தும் விடுகின்றன. மகளை இப்போதே நாள் குறித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.